கடையத்து வீட்டுக் குழுவில் ஒரு சைக்கிள்

ஞாயிறு

இசக்கி, காலை 7:12
(படம்)
மோட்டார் வந்துவிட்டது! பாஃபாங் பி.பி.எஸ்.எச்.டி, 48 வோல்ட், 1000 வாட். என் பழைய மலை சைக்கிளில் பெடல் அச்சு இருக்கிற இடத்தில் மாட்டப் போகிறேன். இனி எலுமிச்சைத் தோப்பு மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறலாம்.

பெரியப்பா, 7:15
ஏலே, ஆயிரம் வாட் என்றால் ஒன்றேகால் எச்.பி.க்கு மேலே. நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரே அரை எச்.பி.தான். சைக்கிளில் கிணறு இறைக்கப் போகிறாயா?

அத்தை, 7:20
ஆச்சி கேட்கிறாள், இந்தக் காசுக்கு ஒரு பழைய எக்ஸ்எல் மொபெட் வாங்கியிருக்கலாமே என்று.

அப்பா, 7:21
அதைத்தான் நானும் கேட்டேன். பதில் இல்லை.

இசக்கி, 7:26
எக்ஸ்எல் அந்தப் பாறைத் தடத்தில் ஏறாது ஆச்சி. சைக்கிள் ஏறும். சக்கரத்துக்குள் மோட்டார் வைக்கிற கிட்டும் இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் மேட்டில் மெதுவாக உருளும்போது அது திணறிச் சூடாகிவிடும். பெடல் அச்சில் வைத்தால் சைக்கிளின் கியர் எல்லாம் மோட்டாருக்கும் கிடைக்கும்.

அத்தான், 7:48
மாப்பிள்ளை, சரியான தேர்வு. ஆனால் மேட்டில் சின்ன கியரில் ஏறு. மோட்டார் விறுவிறுவென்று சுற்றினால்தான் சூடு குறையும். பெரிய கியரில் போட்டு முக்கவிட்டால் உள்ளே நைலான் பல்சக்கரம் ஒன்று இருக்கிறது, அது போய்விடும். அப்புறம், இதை ரோட்டில் ஓட்டுகிற எண்ணம் இருக்கிறதா?

இசக்கி, 7:50
தோப்புக்கு 4 கிலோமீட்டர் ரோடுதானே அத்தான்.

அத்தான், 7:53
அங்கேதான் சிக்கல். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கி.மீ.க்குள் என்று இருந்தால்தான் சட்டத்துக்கு அது சைக்கிள். தாண்டினால் மோட்டார் வாகனம். நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கேட்பார்கள். வீட்டில் கட்டிய வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் எங்கே வாங்குவாய்?

இசக்கி, 7:55
டிஸ்ப்ளேயில் வேகத்தை 25 என்று பூட்டி வைத்துவிடுகிறேனே.

அத்தான், 7:56
வேகம் குறையும். மோட்டார் வாட் குறையுமா? சட்டம் இரண்டையும் கேட்கிறது.

வேணி, 8:02
மாஞ்சோலை மலைக்கு ஏறப் போவதாக என்னிடம் சொன்னானே!

இசக்கி, 8:02
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 8:05
நீக்கினாலும் படித்துவிட்டேன். மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் என்ன சொல்வாய்? அந்தக் காடு 1988லிருந்து புலிகள் காப்பகம் மக்கா. உன் மோட்டாரைப் பார்த்து வனத்துறைக்காரர் மாலை போடமாட்டார்.

அப்பா, 8:11
தோப்புக்குள்ளே மட்டும் ஓட்டு. ரோட்டில் இறக்கக் கூடாது. வண்டி பம்புசெட் கொட்டகையிலேயே நிற்கட்டும்.

இசக்கி, 8:30
சரிப்பா.

புதன்

இசக்கி, மாலை 6:40
(படம்)
இரண்டு நாளாகப் பழைய அச்சு கழல மாட்டேன் என்கிறது. அச்சைப் பிடித்திருக்கிற மரைக் கிண்ணங்களில் இடப்பக்கத்தது வந்துவிட்டது. வலப்பக்கம் அசையவே இல்லை. ஸ்பேனரில் குழாய் மாட்டி நெம்பினேன். நழுவி முழங்கைத் தோல் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அத்தை, 6:42
மருமகனே, மஞ்சள் வைத்தாயா?

பெரியப்பா, 6:45
எந்தப் பக்கம் சுற்றினாய்?

இசக்கி, 6:46
எல்லா மரையும் கழற்றுவது போல, இடப்பக்கமாகத்தான்.

பெரியப்பா, 6:47
டேபிள் ஃபேன் இறக்கையின் மூடியைக் கழற்றியது உண்டா?

இசக்கி, 7:31
சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். வலப்பக்கக் கிண்ணத்துக்கு எதிர்மரையாம், மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க. கடிகார முள் பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். இரண்டு நாளும் நான் அதை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வேணி, 7:33
😂😂😂

பெரியப்பா, 7:34
முப்பது வருஷம் லைன்மேன் வேலை பார்த்தவன் சொன்னால் கேட்க மாட்டீர்கள். அண்ணாச்சி சொன்னால் கேட்பீர்கள்.

அடுத்த செவ்வாய்

இசக்கி, காலை 10:05
(படம்)
பேட்டரியும் வந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கினேன். 48 வோல்ட், 20 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு). நல்ல மலிவு.

அத்தான், 10:20
மலிவு என்றாலே வயிற்றைக் கலக்குகிறது மாப்பிள்ளை. எடை எவ்வளவு?

இசக்கி, 10:21
எடை எதற்கு?

அத்தான், 10:22
அத்தை கடைத் தராசில் வைத்துப் பார்.

அத்தை, 10:41
பெட்டியோடு சேர்த்து 3 கிலோ 380 கிராம். புளிக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள்.

அத்தான், 10:52
விளம்பரத்தில் எத்தனை செல் என்று போட்டிருக்கிறான்?

இசக்கி, 10:53
104. வரிசைக்கு 13, அப்படி 8 வரிசை. ஒவ்வொன்றும் 2.5 ஏ.எச்.

அத்தான், 10:57
கணக்குச் சரி. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், 13 சேர்ந்தால் 48க்குப் பக்கம். 8 வரிசை சேர்ந்தால் 20 ஏ.எச். ஆனால் ஒரு செல் 45 கிராம் பக்கம் வரும். 104 செல்லே நாலரை கிலோவைத் தாண்டவேண்டும். இந்தப் பெட்டி மொத்தமே மூன்றரை கிலோ இல்லை. மீதிச் செல் எங்கே?

அப்பா, 10:58
காற்றுக்கும் காசு வாங்கியிருக்கிறான்.

பெரியப்பா, 11:03
காசு போனால் போகிறது. அந்த மோட்டார் மேட்டில் 30 ஆம்பியர் இழுக்கும். செல் குறைவாக இருந்தால் இருக்கிறதன் மேல் அத்தனை பாரமும் விழும். சூடேறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் லேசில் அணையாது. வீட்டுக்குள் வைக்காதே. இன்றைக்கே திருப்பி அனுப்பு.

அத்தான், 11:10
மாமா சொல்வது சரி. கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்தவர் பேட்டரி கட்டுகிறார். பி.எம்.எஸ். (செல்களைக் காக்கிற சர்க்யூட்), ஃபியூஸ் எல்லாம் நான் கூடவே இருந்து பார்த்துக் கட்டவைக்கிறேன். விலை கூடத்தான். பொங்கலுக்கு எங்களுக்குப் புதுத்துணி வேண்டாம், அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

வேணி, 11:11
எனக்கு வேண்டும்.

ஞாயிறு

அத்தை, காலை 9:15
புதுப் பெட்டி 6 கிலோ 150 கிராம். தராசில் வைத்தாயிற்று.

இசக்கி, பகல் 12:30
(வீடியோ)
ஏறியாயிற்று! தோப்பு அடியிலிருந்து மேல்தொட்டி வரை, ஒரு இடத்தில்கூடக் கால் ஊன்றவில்லை.

அப்பா, 12:34
ஏறினான். இறங்கும்போது தள்ளிக்கொண்டு வந்தான். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இசக்கி, 12:37
இரண்டாவது தடவை ஏறும்போது சங்கிலி அறுந்துவிட்டது. முழு பவரில் கியர் மாற்றிவிட்டேன். த்ராட்டிலை விட்டுவிட்டு மாற்றியிருக்கவேண்டும். வண்டி இப்போது 28 கிலோ, தள்ளும்போதுதான் தெரிகிறது.

அத்தான், 12:45
பிரேக்?

இசக்கி, 12:46
டிஸ்க் போட்டுவிட்டேன். லீவரைத் தொட்டாலே மோட்டார் நின்றுவிடும். அந்த ஒயரை முதலிலேயே மாட்டச் சொன்னீர்களே, அதை மட்டும் கேட்டேன்.

பெரியப்பா, 12:52
சார்ஜ் எத்தனை ஏற்றத்துக்கு வரும்?

இசக்கி, 12:58
நானும் வண்டியும் சேர்ந்து 105 கிலோ. 100 மீட்டர் உயரம் தூக்க 29 வாட்-அவர். சூட்டில் போவதையும் சேர்த்தால் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் 960 இருக்கிறது. ஒரு வாரத்துக்குத் தோப்பு வேலை ஓடும் பெரியப்பா.

வியாழன்

வேணி, மாலை 5:20
அத்தை அனுப்பிய படத்தில் வண்டி மேலே இருப்பது யார்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு?

அப்பா, 5:41
மேல்தொட்டி வால்வைத் திறக்கப் போனேன். அவ்வளவுதான்.

அத்தை, 5:42
மூன்று தடவை திறந்தான்.

பெரியப்பா, 5:50
தம்பி, சார்ஜ் எங்கே போடுகிறீர்கள்? பம்புசெட் பிளக்கிலா?

அப்பா, 5:52
ஆமாண்ணே, அங்கன தானே கரண்ட் இருக்கிறது.

பெரியப்பா, 5:54
கூடாது. அது தண்ணீர் இறைக்கக் கொடுத்த இலவசக் கரண்ட். வண்டிக்குப் போடுவதற்கு இல்லை. என் தம்பி தோப்பில் என் பழைய ஆபீஸ்காரர்கள் வந்து நின்றால் எனக்குத்தான் கேவலம்.

இசக்கி, 5:57
பெட்டி சாவி போட்டால் தனியாகக் கழன்றுவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து போடலாம். தினமும் வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும்.

அத்தை, 5:58
ஆச்சி சொல்கிறாள், ராத்திரி எல்லோரும் தூங்கும்போது போடக் கூடாதாம். அடுப்பங்கரையிலும் கூடாதாம். திண்ணையில் போட்டுக் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

பெரியப்பா, 5:59
ஆச்சிக்குத்தான் புத்தி இருக்கிறது.

வேணி, 6:03
ரோட்டில் ஓட்டக் கூடாது. பெட்டி எப்படி வீட்டுக்கு வரும்?

அப்பா, 6:10
எக்ஸ்எல்லில்.

அத்தை, 6:11
ஆச்சி சிரிப்பை நிறுத்தவில்லை.

இசக்கி, 6:15
அப்பா, வரும்போது தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் வைக்காதீங்க. ஈரம் படக் கூடாது. சாக்கு விரித்து வைங்க.

அப்பா, 6:16
சரி.