வாழையில் சுருள் தொங்குகிறதா? எரியோனோட்டா தாவிகளைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காற்றில் கிழிந்த இலை என்று நினைத்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்று கிழித்தால் இலை பட்டை பட்டையாகத் தொங்கும், சுருளாது. எரியோனோட்டா என்ற தாவி வகை வண்ணத்துப்பூச்சியின் புழு இலையின் ஓரத்திலிருந்து நடுநரம்பு நோக்கி வெட்டி, அந்தத் துண்டைப் பட்டுநூலால் இழுத்துக் குழலாகச் சுருட்டும். பிரித்துப் பாருங்கள், விரலில் வெள்ளை மாவு ஒட்டினால் சந்தேகமே வேண்டாம்.

*

அந்த மாவு மெழுகு. இளம்புழுவில் குறைவு, வளர வளரத் தடிக்கும். கருந்தலை, வெளிர்பச்சை உடல், முற்றினால் சுமார் 5 செ.மீ. நீளம். கடைசிச் சுருளுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். அதிலும் மாவு இருக்கும். உறிஞ்சுகுழலின் உறை வயிற்று நுனிவரை நீண்டு கிடப்பதைக் கவனியுங்கள். முட்டை மஞ்சளாக இருந்து சிவக்கும், இலையடியில் தேடுங்கள்.

*

வளர்ந்த தாவியைப் பகலில் தேடி அலைவது வீண். அந்தியிலும் விடியலிலும்தான் பறக்கும், விளக்குக்கும் வரும். சிவந்த கண், பழுப்பு இறக்கை, முன்னிறக்கையில் ஒளி ஊடுருவும் மூன்று மஞ்சள் திட்டுகள். முன்னிறக்கை நுனி கூராக இருந்தால் திராக்ஸ் இனம், மழுங்கியிருந்தால் டோரஸ் இனம் என்பார்கள். படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்லாதீர்கள். இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் உறுதி. தென்னிந்திய வாழையில் இருப்பது டோரஸ். பழைய குறிப்புகள் பலவற்றில் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன.

*

மருந்தடித்தால் சுருளுக்குள் இருக்கும் புழுவுக்குச் சரியாகப் போய்ச் சேராது, வெளியே திரியும் ஒட்டுண்ணிக் குளவிதான் (தாவியின் முட்டையிலோ புழுவிலோ வளர்ந்து அதைக் கொல்லும் சிறு குளவி) சாகும். சுருளைக் கையால் பறிப்பதே மேல். ஆனால் உடனே நசுக்க வேண்டாம், உள்ளே குளவி இருக்கலாம். வாளியில் போட்டு வலை கட்டுங்கள். வலைக்கண் சிறு குளவி வெளியேறும் அளவு, தாவி வெளியேற முடியாத அளவு. ஹவாயில் 1973-இல் திராக்ஸ் நுழைந்தபோது முட்டைக்கு ஊவென்சிர்ட்டஸ், புழுவுக்குக் கொட்டேசியா என இரண்டு குளவிகளை இறக்கித்தான் அடக்கினார்கள்.

தாருக்கு வளர்ப்பவர் நாலைந்து சுருளைப் பொறுத்துக்கொள்ளலாம். இலை அறுத்து விற்பவருக்கு ஒரு சுருள் விழுந்தாலே அந்த இலை போச்சு.

*

சுருள் தென்னையில் இருந்து, புழுவின் மேல் மாவுக்குப் பதில் நீள நீளமான வெள்ளை மெழுகு இழைகள் தொங்கினால் அது கங்காரா தைர்சிஸ் என்ற வேறொரு தாவி. அதற்கும் கண் சிவப்புதான், அதனால் கண்ணை வைத்து மட்டும் பெயர் சொல்லாதீர்கள்.