பிளேசர்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமைக்குள்)

நண்பர்களே,

டாசன் பற்றிய விவரணப் படத்துக்குக் குரலுரை எழுதுகிறேன். கனடாவின் யூகானில், யூகான் ஆறும் குளோண்டைக் ஆறும் கூடுகிற இடத்தில் உள்ள சின்ன ஊர். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்தது. 1898இல் 30,000 பேர் வரை குவிந்தார்கள். இன்று 1,500 சொச்சம்.

இடறுவது ஒரே சொல்தான், பிளேசர் (placer). பாறையிலிருந்து கழன்ற தங்கத்தை ஆறு சரளைக்குள் சேர்த்து வைக்கிறது, மனிதர்கள் அதைக் கழுவி எடுக்கிறார்கள். 'படிவுச் சுரங்கம்' என்று எழுதினேன். "படத்தில் சுரங்கமே இல்லையே" என்கிறார் இயக்குநர். வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு.
– குரலுரைக்காரன்

இதற்கா தவிப்பு? 'புனல்பரந்து பொன்கொழிக்கும்' என்று காவிரியைப் பாடிய பட்டினப்பாலை நம்மிடம் இருக்கிறதே. கொழித்தல் என்றால் அலை மணலை ஒதுக்குவது. முறத்தில் அரிசியை நொய்யிலிருந்து பிரிப்பதும் அதுவே. ஆறு செய்வதற்கும் ஆள் செய்வதற்கும் ஒரே வினை! டாசன்காரர் சரளையைத் தட்டில் இட்டுச் சுழற்றுவதும் என் பாட்டி முறத்தைச் சுழற்றுவதும் ஒரே கைவேலை. புடைப்பது வேறு, தெள்ளுவது வேறு, கொழிப்பது வேறு. ஆகவே 'பொன்கொழிப்பு'.
– தஞ்சைக்காரன்

ஐயா, ஒலிபெருக்கியில் அது 'பொன் கொழுப்பு' என்று விழும். என் மாணவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். 'வண்டல் தங்கம்' போதாதா? ஏழாம் வகுப்புக்கும் புரியும்.
– பள்ளி ஆசிரியை

புரியும், ஆனால் தவறாகப் புரியும் அம்மா. வண்டல் என்பது நுண்மண். தங்கம் கனமானது, சரளைக்கு அடியில் பாறைத் தரைவரை இறங்கிவிடும். அந்தப் பகுதியைப் பனியாறுகள் மூடாததால்தான் பழைய சரளை கலையாமல் கிடந்தது. அப்புறம், பொன் மட்டும்தானா பிளேசர்? எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கும் இல்மனைட், மோனசைட் கனிமங்களும் அதே வகைதான். பொன்னைச் சொல்லுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.

இன்னொன்று. இயக்குநர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அங்கே அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். குளிர்காலத்தில் விறகு எரித்து மண்ணை இளக்கி, பாறைவரை குழி இறக்கி, அடியில் பக்கவாட்டிலும் குடைந்தார்கள். எடுத்த மண்ணைக் குவித்துவைத்து, வசந்தத்தில் ஓடைநீர் வந்ததும் கழுவினார்கள். அது சுரங்கம் இல்லாமல் வேறென்ன?
– நாஞ்சில் மண்ணியலான்

பிளேசரே நம் 'பிள' என்ற வேரிலிருந்து போனதுதான். பாறை பிளந்து வருவது பிள...
– வேர்ச்சொல் விரும்பி

அது மணல்திட்டைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெயர்க்கதை வேண்டுமானால் குளோண்டைக்கைப் பாருங்கள். அந்தப் பகுதிப் பழங்குடிகளான ஹான் மக்கள் சால்மன் மீனை மறிக்க ஆற்றில் கழிகளை அறைந்தார்கள். அறைந்த கல்லால் ஆற்றுக்கு 'டிரோண்டெக்' என்று பெயர், சம்மட்டிக்கல் ஆறு என்று சொல்லலாம். வந்தவர்கள் வாயில் அது குளோண்டைக் ஆனது. படத்தில் இதைச் சேருங்கள், ஐயா.

என் பங்குக்கு: நகைக்கடைத் தெருவில் மண்ணை அரித்துப் பொன் எடுப்பவர்கள் உண்டு. 'பொன்னரிப்பு'?
– கரிசல் வாசகன்

அரிப்பு என்றதும் கேட்பவர் சொறிவார்.
– பள்ளி ஆசிரியை

'எண் 4' என்ற தூர்வாரிக்கு என்ன சொல் போட்டீர்கள்? 1959 வரை சரளையை வாரிப் பொன் பிரித்த மரக்கப்பல் அது. தூர்வாரி என்றால் ஏரி ஞாபகம்தான் வருகிறது.
– நாஞ்சில் மண்ணியலான்

அதைத் தனி இழையில் பேசலாம், இங்கே வேண்டாம்.

நான்கு பேர் தனிமடலில் 'ஆற்றுப்பொன் அலசல்' என்றார்கள். உற்சாகத்தில் சொன்னதாகத் தெரியவில்லை, இழை முடிந்தால் போதும் என்றிருந்தது போல. அதையே பதிவு செய்துவிட்டோம். குழி தோண்டும் காட்சியில் மட்டும் 'சுரங்கம்' இருக்கிறது. சம்மட்டிக்கல்லுக்கும் ஒரு வரி கிடைத்தது.
– குரலுரைக்காரன்

அலசல் துணிக்கு, இல்லாவிட்டால் வார இதழின் அரசியலுக்கு. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கொழிப்பு, கொழிப்பு, கொழிப்பு.
– தஞ்சைக்காரன்