குழிவா, குடைவா? கிரேஃபே கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

அல்பிரெக்ட் ஃபான் கிரேஃபேயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெர்லினில் 1828இல் பிறந்து, 42 வயதில் காசநோய்க்குப் பலியான கண் மருத்துவர். பாதி வரை தடையின்றி ஓடிய எழுத்து, ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டது.

ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியான கண்நோக்கியை வெளியிட்டதும் அதை ஆவலோடு கையில் எடுத்தவர்களில் கிரேஃபே ஒருவர். கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு சிதைந்து பார்வை குறையும் நோய், உள்ளவர்களின் விழித்திரையில் பார்வை நரம்பின் வட்டு (நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டமான இடம்) இயல்பாக இல்லை என்று கண்டார். ஆனால் 1854இல் அதை வீக்கம் என்று எழுதிவிட்டார். அந்தக் கருவியில் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க முடியும், ஆழம் தெரியாது. நிலாவின் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பள்ளமெல்லாம் கொப்புளமாகத் தெரியும். அதே ஏமாற்றம்தான். சில ஆண்டுகளுக்குள் தம் கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். உடற்கூற்று அறிஞர் ஹைன்ரிஷ் மியூலர் இறந்தவர்களின் கண்களை அறுத்துப் பார்த்ததிலும் பள்ளமே தெரிந்தது. பள்ளத்துக்குக் கிரேஃபே ஜெர்மனில் வைத்த பெயர் 'எக்ஸ்கவாட்சியோன்', தோண்டப்பட்ட பள்ளம் என்று பொருள்.

இதற்குத் தமிழில் 'குழிவு' என்று எழுதி வைத்திருந்தேன். நம் கலைச்சொல் குழுவின் மருத்துவ அம்மையாரும் அதையே பரிந்துரைத்தார். இப்போது எனக்கு அதில் நிறைவில்லை.

முதலாவது, குழிவு நோயில்லாத வட்டிலும் உண்டு. நடுவில் சிறு குழி இருப்பது இயல்பே. இயல்பான குழிக்கும் நோய் தோண்டிய பள்ளத்துக்கும் ஒரே சொல் என்றால் வாசகர் குழம்புவார். 'குழி வில்லை' (கான்கேவ் லென்ஸ்) என்று பள்ளிப் பாடத்திலும் அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது.

இரண்டாவதுதான் முக்கியம். முற்றிய நிலையில் பள்ளம் நேராக இறங்குவதில்லை. விளிம்புக்கு அடியிலும் அரித்துக்கொண்டு போகிறது. வட்டின் மேல் வரும் இரத்தக் குழாய் விளிம்பில் சட்டென்று மடங்கி மறைந்து, கீழே சற்றுத் தள்ளி மீண்டும் தலைகாட்டும். மேலே மூடி, உள்ளே வெற்றிடம். இதைத் தமிழில் குடைதல் என்றுதானே சொல்வோம்? மலையைக் குடைந்தால் குடைவரை. மாங்கொட்டையை வண்டு குடைந்தாலும் பழம் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். நோயாளிக்கும் அப்படித்தான், நடுப்பார்வை தெளிவாக இருக்கும்போதே ஓரம் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: இயல்பானது குழி, நோயால் வருவது குடைவு. 'வட்டுக் குடைவு' என்று நீட்டியும் எழுதலாம்.

செய்தித்தாள்கள் எழுதும் 'கண் அழுத்த நோய்' என்ற பெயரைக் கட்டுரையில் தவிர்த்திருக்கிறேன். அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் குடைவு விழுபவர்கள் உண்டு. கண்ணின் புறத்தே எந்த மாற்றமும் இன்றிக் குடைவு மட்டும் தெரிந்தவர்களைக் கிரேஃபே தனி நோயாகவே வகுத்தார். அதுவும் கிளாக்கோமாவே என்று காட்டியவர் டச்சு மருத்துவர் டோண்டர்ஸ். 1857இல் ஐரிஸில் (கண்ணின் நிறமுள்ள வளையத்தில்) ஒரு துண்டை வெட்டியெடுத்துத் திடீர்க் கிளாக்கோமாவைத் தணித்துக் காட்டியவரே இதில் சறுக்கினார் என்பது எனக்கு வியப்பு.

---

ஐயா, வணக்கம்.

வண்டு உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டீர்கள். மூட்டுக் குடைச்சல், கால் குடைச்சல் என்று வலியைச் சொல்லும் ஊர் இது. 'உங்கள் நரம்பில் குடைவு இருக்கிறது' என்றால், 'எனக்குக் கண் வலிக்கவே இல்லையே, டாக்டர்' என்று எழுந்து போய்விடுவார்கள். இந்த நோயில் பெரும்பாலோருக்கு வலியே கிடையாது என்பதுதான் எங்கள் தலைவலி.

---

அம்மா, இது எனக்குத் தோன்றவே இல்லை. குடைவும் குடைச்சலும் வேறு சொற்கள் என்று இலக்கணம் பேசலாம்; வெளி நோயாளிப் பிரிவில் அது எடுபடாது. கட்டுரையில் குடைவு இருக்கட்டும். நோயாளியிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

'நரம்பு குழி விழுந்திருக்கிறது' என்பேன், ஐயா. கன்னம் குழி விழுவதைப் போல. யாரும் இதுவரை பொருள் கேட்டதில்லை.

---

அப்படியானால் பெயர்ச்சொல் குடைவு, வினை குழிவிழுதல். இரண்டையும் பட்டியலில் சேர்க்கிறேன். அடுத்த சிக்கல்: விழித்திரையின் நடுத் தமனியை வேறிடத்திலிருந்து இரத்த உறைகட்டி வந்து அடைப்பதைக் கிரேஃபே 1859இல் விவரித்தார். ஓடிவந்து அடைப்பதும் அங்கேயே உறைந்து அடைப்பதும் நம்மிடம் ஒரே 'அடைப்பு'தான். யாரிடமாவது சொல் இருக்கிறதா?