இயற்பியலில் இருந்து மெட்டீரியல் சயின்ஸ்: எங்கே தொடங்குவது?

கேள்வி (காரைக்குடி): திடநிலை இயற்பியல் பின்னணி. சிக்ரி (இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) மாதிரி இடத்தில் பேட்டரி கேத்தோடு (நேர்மின்முனைப் பொருள்) வேலைக்கு மாறணும். எதை முதலில் பிடிக்கணும் அண்ணே?

பதில் 1: பேண்ட் தியரி (திடப்பொருளில் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் பற்றிய கோட்பாடு) உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. பேஸ் டயகிராம்தான் (எந்த வெப்பநிலை, கலவையில் பொருள் எந்த நிலையில் இருக்கும்னு காட்டும் வரைபடம்) இடிக்கும், அதைப் பாருங்க. கேட் நுழைவுத் தேர்வில் எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாளின் மெட்டீரியல் சயின்ஸ் பாடத்திட்டம் போதும்.

பதில் 2: கை வேலையும் வேணும் தம்பி. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் சிதறலை வைத்துப் படிக அமைப்பை அளக்கும் முறை) மாதிரியை வைக்கும் ஹோல்டரில் தூள் விளிம்புக்குச் சமமா இருக்கணும். 240 மி.மீ. ஆரமுள்ள கருவியில் 0.1 மி.மீ. மேலே நின்றாலே தாழ்கோணப் பீக்குகள் சுமார் 0.05 டிகிரி வலப்பக்கம் நகரும். அதைப் பார்த்து லாட்டிஸ் (படிகத்தில் அணுக்களின் அடுக்கு) சுருங்கிருச்சுன்னு பேப்பரே எழுதிருவாங்க! கொஞ்சம் சிலிக்கான் தூள் கலந்து, காப்பர் கே-ஆல்ஃபா எக்ஸ்-கதிரில் அதன் 28.44 டிகிரி பீக்கை வைத்துத் திருத்துங்க.

பதில் 3: கேத்தோடு பொருளான லித்தியம் கோபால்ட் ஆக்சைடை 850 டிகிரி செல்சியஸில் சுடும்போது லித்தியம் ஆவியாகும். லித்தியம் கார்பனேட்டை 5% கூடுதலா போடுங்க. அதுக்கு மேல போனா மிச்ச லித்தியம் படிகத் துகள் மேல படியும்.