சுகர் 38, ஆனா சர்க்கரை நோய் இல்லை: உங்க வார்டுல பார்த்ததுண்டா?

வார்டு சிஸ்டர், காரைக்குடி:
தானே ஊசி போட்டுச் சுகரை இறக்கிக்கிட்டு வர்ற கேஸைப் பத்தி இங்க யாரும் எழுதலை. ஐம்பது வயசு ஆச்சி. சர்க்கரை நோய் கிடையாது. அடிக்கடி வேர்த்து மயங்கி வருவாங்க, மீட்டர் 38, 41னு காட்டும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் நீர்) ஏத்தினதும் எந்திரிச்சு உட்கார்ந்து காபி கேப்பாங்க. கணையத்துல கட்டியான்னு ஸ்கேன் எடுத்தும் ஒண்ணுமில்லை. கடைசித் தடவை டெக்ஸ்ட்ரோஸுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்தாச்சு: இன்சுலின் எக்கச்சக்கம், கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே வர்ற சி-பெப்டைட் அடிமட்டம். உடம்பு தானா சுரந்தா ரெண்டும் சேர்ந்து ஏறும். ஊசி மருந்துல சி-பெப்டைட் கிடையாது. வீட்டு ஃபிரிட்ஜ்ல மாமியாரோட இன்சுலின் பேனா இருக்கு.

சாயங்காலம் பிரஷர் பார்க்கும்போது சேலை விலகிச்சு. தொப்புளுக்கு இடப்பக்கம் நாலஞ்சு புள்ளி, ஒண்ணு மட்டும் நீலம் பாய்ஞ்சிருந்துச்சு. நாம பார்த்துட்டோம்னு அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. "கொசு கடிச்சிருச்சு ஆத்தா"ன்னாங்க.

லேப் டெக்னீஷியன், தேவகோட்டை:
சிஸ்டர், அந்த ரிசல்ட்டோட நிறுத்திடாதீங்க. மீட்டர் கீழ் அளவுல தடுமாறும். ஃப்ளோரைடு டியூப்ல (எடுத்த ரத்தத்துல சுகர் குறையாமக் காக்கிற குழாய்) அனுப்பி லேப் குளுக்கோஸ் 55க்குக் கீழன்னு உறுதியாகணும். அதே ரத்தத்துல ஒரு மில்லிக்கு இன்சுலின் 3 மைக்ரோ யூனிட்டுக்கு மேல, சி-பெப்டைட் 0.6 நானோகிராமுக்குக் கீழ இருந்தாத்தான் ஊசின்னு பேசலாம். ரத்தம் உடைஞ்ச சாம்பிள்னா சிவப்பணுல இருக்கிற என்சைம் இன்சுலினைத் தின்னுரும், அளவு பொய்யாக் குறையும். புது வகை இன்சுலின் சிலதைச் சில கிட் கண்டுக்கவே கண்டுக்காது.

இன்னொண்ணு. ஊசிக்குப் பதிலா, கணையத்தைச் சுரக்க வைக்கிற கிளைமிபிரைடுங்கிற சுகர் மாத்திரை முழுங்கினா ரெண்டுமே ஏறி, அசல் கணையக் கட்டி மாதிரியே தெரியும். மாத்திரைக்குத் தனி டெஸ்ட் எழுதிக் கேட்டாத்தான் செய்வாங்க. இதுல கோட்டை விட்டா, இல்லாத கட்டிக்கு ஆபரேஷன் வரைக்கும் போயிரும்.

பிசியோ, காரைக்குடி:
எங்ககிட்ட வர்றது வேற ரகம். பாகப்பிரிவினை கேஸ் ஓடிக்கிட்டிருந்த வீட்டுப் பையன், வலது கால் வரலை. எம்ஆர்ஐ சுத்தம். மல்லாக்கப் படுக்கவச்சு வலது குதிகாலுக்கு அடியில கை வச்சு "அமுக்கு"ன்னா அசைவே இல்லை. இடது காலைத் தூக்கச் சொல்லி மேலேருந்து அழுத்தினா, வராத அந்தக் குதிகால் உள்ளங்கையை நல்லா அமுக்குது. ஹூவர் சோதனை, 1908லயே எழுதிவச்சது. இடுப்பு வலி இருந்தா ஏமாத்தும், பார்த்துச் செய்யணும்.

செட்டிநாட்டு வாசகர்:
எப்படிச் சுத்தினாலும் ரெண்டும் நடிப்புதானே சார்? நாலு தட்டு தட்டினா எந்திரிச்சு ஓடுவான்.

மனநல ஆலோசகர்:
அண்ணே, இல்லை. பையன் தெரிஞ்சு செய்யலை. மூளை அனுப்புற கட்டளை வழியில நிக்குது, காலும் நரம்பும் பழுதில்லை. ஆச்சி தெரிஞ்சு செய்றாங்க, ஆனா காசுக்கில்லை, நோயாளியா இருக்கிறதுக்கே. 1951ல இங்கிலாந்து டாக்டர் ரிச்சர்ட் ஆஷர் 'மன்ச்சாசன்'னு பேர் வச்சது இதோட முத்தின வகைக்கு. இன்சூரன்ஸுக்கு இடுப்பு வலி சொல்றவன் மூணாவது ஆள், அவனுக்கு வியாதியே இல்லை.

யாரும் கேக்கலைதான், இருந்தாலும் சொல்லிடறேன். பையனுக்கு அந்தச் சோதனையை மறைக்காம செஞ்சு காட்டுங்க: "பாரு தம்பி, கால்ல பலம் இருக்கு, வர்ற வழிதான் அடைபட்டிருக்கு." பிசியோவுக்கு அதுதான் பிடிமானம். கோடாங்கிகிட்ட போய்ட்டு வந்தாங்கன்னா திட்டாதீங்க, திட்டினா அடுத்த தடவை மறைப்பாங்க. ஆச்சியோட பையைத் திருட்டுத்தனமாத் துழாவாதீங்க. எல்லார் முன்னாடியும் "மாட்டிக்கிட்டீங்க"ன்னா அன்னிக்கே பேர் வெட்டிக்கிட்டு மதுரையில வேற ஆஸ்பத்திரியில சேர்ந்து முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க. ஒரே டாக்டர், மயக்கம் வந்தாலும் வராட்டியும் தேதி வச்சுப் பார்க்கணும். மாமியார் பேனா பூட்டுல இருக்கட்டும். பிள்ளைக்கு நோயை உண்டாக்கிக் கூட்டிட்டு வர்ற ரகம்னா இந்தப் பொறுமை ஆகாது, அது கொடுமை: பிள்ளையை முதல்ல வார்டுல பத்திரப்படுத்தணும், குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லணும்.

நைட் டியூட்டி சிஸ்டர், திருப்பத்தூர்:
எங்களுக்குக் காய்ச்சல் கேஸ். தெர்மாமீட்டர் 104, நாடி 76! ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு நாடி சுமார் 10 ஏறணுமே. தலைமாட்டுல வெந்நீர் பிளாஸ்க், மூடி திறந்திருக்கு.

லேப் டெக்னீஷியன், தேவகோட்டை:
நாடியை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க சிஸ்டர், டைபாய்டுலயும் காய்ச்சலுக்குத் தக்க நாடி ஏறாது. கூடவே நின்னு திரும்ப அளந்தீங்களா? அப்பப் பிடிச்ச சிறுநீரோட சூட்டையும் உடனே பார்த்திருக்கலாம், அது உடம்புச் சூட்டை ஒட்டியே இருக்கும். பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பார்க்கிற டெஸ்ட்) அனுப்பினீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க.