யானை வயலுக்கு வராம இருக்க காட்டை சரி பண்ணா போதுமா?

கேள்வி: பர்மாவுல பெகு யோமா மலை அடிவாரத்துல நமக்கு நெல்லு, கரும்பு. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து ராத்திரி யானைக்கூட்டம் இறங்கிடுது, முன்னாடி தகரம் தட்டினா ஓடும், இப்ப காதை ஆட்டிக்கிட்டு நின்னு மேயுது. கரண்ட் வேலி போடவா?

பதில்: அண்ணே, வீட்டு கரண்டை நேரா கம்பியில குடுத்துடாதீங்க, யானையும் சாகும் மனுஷனும் சாவான். பேட்டரியில ஓடுற சோலார் வேலி விட்டு விட்டு சுருக்குன்னு அடிக்கும், கொல்லாது. ஆனா கம்பியில கொடி படர்ந்தா பவர் இறங்கிடும், அடிக்கடி வெட்டணும்.

பதில்: வேலி அவசரத்துக்குத்தான். பெரிய யானைக்கு நாளைக்கு 150 கிலோ தீனி வேணும், மூங்கிலையும் புல்லையும் அழிச்சு தோட்டம் போட்டா அது எங்க போகும் பாவம்? முதுமலையில புல்லை வளரவிடாத உண்ணிச்செடிங்கிற களையை வேரோட பிடுங்கி புல்லு வர வைக்கிறாங்க, வயநாட்டுல திருநெல்லி யானை வழித்தடத்துல இருந்த ஊருங்களை சம்மதத்தோட வேற இடத்துல குடி வச்சாங்க. நம்ம பக்கமும் மூங்கில், குட்டை, அதுங்க நடக்குற பாதை மூணையும் சேர்த்து காப்பாத்தணும், ஒண்ணை விட்டா பிரயோஜனம் இல்ல.

கேள்வி கேட்டவர்: சரிங்க, மூங்கில் வளர வருஷமாகுமே, இந்த போகத்துக்கு என்ன பண்றது?

பதில்: பக்கத்து வயல்காரங்களோட சேர்ந்து பரண் கட்டி முறை வச்சு காவல் இருங்க, யாரும் தனியா போகாதீங்க. அடுத்த தடவை காட்டோரத்துல கரும்பு வேணாம், மிளகாய் போடுங்க, அதை யானை தின்னாது.