டிரஸ் துளை 3 மி.மீ. விலகி நிற்கிறது: ரீமர் விடலாமா?

கல்லல் ஷெட்:
வணக்கம். கல்லலில் ஒரு நெல் குடோனுக்கு ஷெட் ஏற்றுகிறோம். கூரையைத் தாங்கும் 18 மீட்டர் இரும்புச் சட்டம், அதாவது டிரஸ், இரண்டு பாதியாக வந்தது. இரண்டு பக்கத் தூணிலும் மாட்டி, நடுவில் முட்டுக் கொடுத்து நிறுத்தியாகிவிட்டது. நடு இணைப்பில் இரண்டு பாதியையும் சேர்க்கும் தகடு (கசட் பிளேட்), 20 மி.மீ. தடிமன் எம்20 போல்ட் எட்டு, துளை 22 மி.மீ. மூன்று போல்ட் போய்விட்டன, முடுக்காமல் விட்டிருக்கிறேன். மற்ற ஐந்தும் 2 மி.மீ.க்கு மேல், ஒன்று 3 மி.மீ. விலகல். துளையைச் சீவிப் பெரிதாக்கும் டேப்பர் ரீமர் விட்டு இழுத்துவிடலாம் என்கிறார் ஃபிட்டர். கேஸ் கட்டர் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். ரீமர் சரியா?

ரிவிட் தாத்தா:
தாராளமாக விடுங்கள் தம்பி. பாலத்து வேலைக்கென்றே பிறந்த ஆயுதம் அது. நுனி மெலிந்து இருப்பதால் விலகிய துளையிலும் நுழையும், இரண்டு தகட்டையும் ஒரே நேரத்தில் சீவும். நம் பாம்பன் பழைய பாலம் 1914-இல் திறந்தது, முழுக்க ரிவிட் காலத்து வேலை. அந்தக் காலத்தில் துளையை வேண்டுமென்றே சிறிதாகக் குத்திவைத்து, தகடுகளைச் சேர்த்த பிறகு ரீமர் விட்டுத்தான் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அப்போது யாரும் அதைக் குறை என்று சொல்லவில்லை.

கணக்கு சரி:
தாத்தா சொன்னதிலேயே பதில் இருக்கிறது. அங்கே ரீமர் துளையை அளவுக்குக் கொண்டுவந்தது. இங்கே அளவைத் தாண்டிப் போகப்போகிறது. கணக்குப் போடுங்கள். 22 மி.மீ. துளை இரண்டு ஒன்றுக்கொன்று 3 மி.மீ. விலகினால் நடுவில் தெரியும் வழி 19 மி.மீ.தான். அதில் 22 ரீமரை விட்டால் ஆளுக்கு ஒன்றரை மி.மீ. தின்னும், ஒவ்வொரு துளையும் 23.5க்கு நீண்ட முட்டையாகும். இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800-இல் எம்20க்கு வழக்கமான துளை 22. அதைத் தாண்டினால் வேறு கணக்கு. முடுக்கிய தகடுகளின் உராய்வுப் பிடிப்பை நம்பிய இணைப்பு என்றால் அதன் வலுவை 0.85-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். விளிம்பு தூரம், அதாவது துளை மையத்திலிருந்து தகட்டு ஓரம் வரை, எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்?

கல்லல் ஷெட்:
35 மி.மீ. சார். ரம்பத்தில் அறுத்த விளிம்பு.

கணக்கு சரி:
22 துளைக்கு ஒன்றரை மடங்கு, 33 போதும். 24 ஆகிவிட்டால் 36 வேண்டும். பெரிய போல்ட் போட்டுச் சமாளிக்கலாம் என்று எம்24க்குப் போனால் துளை 26, விளிம்பு 39. வழியே இல்லை.

தேவகோட்டை ஃபிட்டர்:
சார் பேனாவில் பேசுகிறார், நாங்கள் ஏணியில் நிற்கிறோம். எட்டும் கச்சிதமாக வந்த ஷெட்டை நான் பார்த்ததே இல்லை. ரீமர் வேண்டாம் என்றால் பையன்கள் டிரிஃப்ட் என்ற முனை மெலிந்த கம்பியைச் சொருகிச் சுத்தியலால் நாலு போடுவார்கள், துளையின் ஓரம் பிதுங்கும். அது தேவலையா? ரீமர் விட்டால் ஓரமாவது சுத்தமாக இருக்கும். இரும்பில் ஒட்டி நிற்கும் மேக்னெட் டிரில் இருந்தால் அதில் மாட்டி, வேகம் குறைத்து, கட்டிங் ஆயில் விட்டு ஓட்டுங்கள். சிக்கினால் பின்பக்கம் சுற்றாதீர்கள், முனை மழுங்கிவிடும். கை டிரில் என்றால் மணிக்கட்டு போகும். துளை சேர்ந்ததா என்று விரலை விட்டு மட்டும் பார்க்க வேண்டாம். விரல் இழந்த ஒருவரோடு வேலை பார்த்திருக்கிறேன்.

கணக்கு சரி:
டிரிஃப்டை அடித்துத் துளையைப் பெரிதாக்கக் கூடாது, அது துளைகளை நேராக்கிப் பிடிக்க மட்டும்தான். அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் என் சந்தேகம் வேறு. ஐந்து துளையும் ஒரே பக்கம் விலகியிருக்கிறதா?

கல்லல் ஷெட்:
நான்கு ஒரே பக்கம், டிரஸ் நீளவாக்கில். அந்த 3 மி.மீ. மட்டும் குறுக்கே.

கணக்கு சரி:
எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?

கல்லல் ஷெட்:
மதியம் ஒன்றரை. தகட்டில் கை வைக்க முடியவில்லை.

கணக்கு சரி:
18 மீட்டர் இரும்பு, 15 டிகிரி கூடினால் 3 மி.மீ.க்கு மேல் நீளும். இரண்டு தூணும் பிடித்திருக்கிறது, அது நடுவில்தானே வந்து நிற்கும்? விடியற்காலையில் பாருங்கள்.

ரிவிட் தாத்தா:
செட்டிநாட்டு வெயிலுக்கு இரும்பு மளமளவென்று நீளும், அது உண்மை. நானே சொல்லியிருக்க வேண்டும்.

கல்லல் ஷெட் (மறுநாள்):
காலை ஆறு மணிக்கு ஏறினோம். நான்கும் கையாலேயே போய்விட்டன. குறுக்கே விலகிய ஒன்று அப்படியே நிற்கிறது. பட்டறையில் மார்க் தப்பியிருக்கிறது.

தேவகோட்டை ஃபிட்டர்:
அந்த ஒன்றுக்கு 20.5 ரீமர் போதுமே. 22 எதற்கு? போல்ட் நுழைந்தால் சரி.

கணக்கு சரி:
அந்த ஒன்றுக்கு நானும் மறுக்கவில்லை. டிசைன் செய்தவரிடம் கேட்டுவிட்டு விடுங்கள், ஏழும் முடுக்கிய பிறகு. வட்டமான தடித்த வாஷர் போடுங்கள். சீவிய இடத்தில் பிரைமர் அடியுங்கள். துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியை காரைக்குடியிலேயே வைத்துக்கொண்டு, நாம் துளைக்குள் பெயின்ட் காட்டாமல் வருகிறோம்.

தேவகோட்டை ஃபிட்டர்:
டிசைன் செய்தவர் போனை எடுக்க மாட்டார் சார், வெள்ளிக்கிழமை.

கல்லல் ஷெட்:
எடுத்துவிட்டார். விளிம்புப் பக்கம் இல்லை, உள்வரிசைத் துளை என்றதும் சரி என்றார். இப்போது 20.5 ரீமர் யாரிடம் இருக்கிறது, காரைக்குடியில்?